சீனி வருத்தம் உள்ள அம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன்: ஒண்டரை மாசத்தில வாற வீக்கத்தை எப்பிடித் தடுக்கிறது?

கேள்வி:

வணக்கம் டொக்டர், நான் திருகோணமலை உப்புவெளியில இருந்து எழுதுறன். அம்மாவுக்கு 64 வயசு, சீனி வருத்தம் வந்து 15 வருசத்துக்கு மேல, பிறஷருக்கும் குளிசை எடுக்கிறா. ரெண்டு கண்ணிலயும் கற்றரக்ட் (கண்புரை), வலது கண்ணுக்கு வாற மாசம் ஒப்பரேஷன் எண்டு திகதி குடுத்திருக்கினம். பிரச்சினை என்னெண்டா பக்கத்து வீட்டு மாமிக்கும் சீனி, அவ போன வருசம் ஒப்பரேஷன் செய்து முதல் ஒரு மாசம் பேப்பர் வாசிக்கிற அளவுக்குத் தெரிஞ்சதாம், ஒண்டரை மாசத்தில திரும்பவும் புகார் மூடின மாதிரி மங்கிப் போச்சாம், கண் சிவக்கவும் இல்லை நோகவும் இல்லையாம். அதைக் கேட்ட நாளில இருந்து அம்மா பயந்துபோய்ச் சோத்தை விட்டுட்டுப் பாவக்காய்ச் சாறு குடிக்கிறா, சீனிக் குளிசையையும் தானாக் கூட்டிப் போடுறா. கடைசியா எடுத்த மூண்டு மாச சுகர் (HbA1c) 9.2%. இப்பிடி மங்க வைக்கிற வீக்கம் வராமத் தடுக்க ஏலுமா? கண்ணுக்குள்ள ஊசி ஒண்டு போட்டா வராது எண்டு ஒராள் சொல்றார், உண்மையோ? நந்தியாவட்டைப் பூச் சாறு விடலாமோ? கன்னியா வெந்நீர்க் கிணத்துக்கும் கோணேசர் கோயிலுக்கும் எப்ப கூட்டிக்கொண்டு போகலாம்?

பதில்:

தங்கச்சி, மாமிக்கு நடந்ததை அம்மா சரியாத்தான் கவனிச்சிருக்கிறா. அதை நினைச்சுப் பயப்படாம அதை வைச்சே ஆயத்தப்படுங்கோ, ஏனெண்டா நான் சொல்லப்போறதில பெரும்பங்கு அதுக்குள்ளதான் கிடக்கு. ஒப்பரேஷனுக்குப் பிறகு வாற வீக்கம் கண்ணில ரெண்டு இடத்தில வரும். ஒண்டு கண்ணிட முன்பக்கம், அது எல்லாருக்கும் கொஞ்சமாவது வரும், சிவக்கும், கூசும், கண்ணீர் வடியும், வெளியில தெரியும், அதால ஆக்கள் மருந்தும் விடுவினம் டொக்டரிட்டயும் ஓடுவினம். மற்றது பின்பக்கம், விழித்திரைட நடுவில, மக்கியூலா எண்டு சொல்ற இடம், நாங்கள் எழுத்து வாசிக்கிறது, ஊசியில நூல் கோக்கிறது, வாற ஆளிட முகத்தை அடையாளம் காணுறது எல்லாம் அந்தச் சின்ன இடத்தாலதான். அங்க நீர் கோத்து வீங்கினா வெளியில ஒண்டும் தெரியாது. கண் வெள்ளையா வடிவா இருக்கும், நோ இல்லை, பீளை இல்லை, பார்வை மட்டும் மெல்ல மெல்ல மங்கும். அதுவும் ஒப்பரேஷன் முடிஞ்ச கையோட வராது, கூடுதலா நாலாம் கிழமைக்கும் ஆறாம் கிழமைக்கும் இடையில வரும், சிலருக்கு மூண்டு மாசம் ஆகியும் வரும். அதாவது சனம் "இப்ப எல்லாம் சுகம்" எண்டு துளி மருந்தை நிப்பாட்டி, போத்திலையும் எறிஞ்சு, கிளினிக் போறதையும் விட்டுட்டு இருக்கிற நேரத்தில வரும். அதால அம்மாட விசயத்தில நீங்கள் கவனம் வைக்கவேண்டிய காலம் ஒப்பரேஷன் நடக்கிற கிழமை மட்டும் இல்லை, அதுக்கு முதல் இருக்கிற இந்த ஒரு மாசமும் பிறகு வாற மூண்டு மாசமும்.

இந்த வீக்கத்தை 1953லயே இர்வின் எண்டவர் எழுதி வைச்சார், பிறகு 1966ல காஸ் எண்டவர் விழித்திரைல நீர் கசியுறதைப் படம் எடுத்துக் காட்டினார், அதால இர்வின்-காஸ் எண்டே பேர் வந்திட்டுது. நடக்கிறது இதுதான்: லென்ஸை எடுக்கேக்க கண் அதை ஒரு காயமாத்தான் எடுத்துக்கொள்ளும், புரோஸ்டகிளாண்டின் எண்ட ஒரு சாமானைக் கூடுதலாச் சுரக்கும், அது பின்பக்கம் போய் அங்க இருக்கிற மெல்லிய இரத்தக் குழாய்களைக் கசிய வைக்கும். சீனி இல்லாத ஆளிட குழாய்ச் சுவர் இதைத் தாங்கும். 15 வருசம் சீனி இருந்த ஆளிட சுவர் ஏற்கனவே பலம் குறைஞ்சு போயிருக்கும், கசிவு உள்ள குளக்கட்டில மாரி வெள்ளமும் சேர்ந்த மாதிரித்தான். பிரிட்டன்ல 81,984 கண்ணிட விவரத்தைச் சேர்த்துப் பார்த்து 2016ல வெளியிட்டவை. அதில சீனியும் இல்லாம ஒப்பரேஷன்லயும் சிக்கல் வராத ஆக்களுக்கு நூறு பேரில ஒராளுக்குக் கொஞ்சம் மேல இந்த வீக்கம் வந்திருக்கு, சீனி உள்ளவைக்கு நூறுக்கு நாலு பேர் மட்டில. விழித்திரைல ஏற்கனவே சீனியால பாதிப்பு இருந்தவைக்கு அதைவிடக் கூட. அம்மாவுக்கு இந்தக் கணக்கை மற்றப் பக்கத்தாலயும் சொல்லுங்கோ, நூறு சீனிக்காரரில தொண்ணூத்தாறு பேர் மட்டில அது வராமத்தான் போகினம், வந்த ஆக்களிலயும் கனபேருக்கு மருந்தோட வத்தி பார்வை திரும்பும். ஆனா அந்த நாலுக்குள்ள போகாம இருக்கிறதுக்குச் செய்யக்கூடியது நிறைய இருக்கு, அதை விடுறது சரியில்லை.

முதல் வேலை, ஒப்பரேஷனுக்கு முதல் விழித்திரையைப் பார்த்து எழுதி வைக்கிறது. கண்மணியை விரிய வைக்கிற மருந்து விட்டுப் பின்பக்கம் முழுக்கப் பார்க்கோணும், ஏலுமெண்டா ஓசிடி எண்ட ஸ்கேனும் எடுக்கோணும், அது ஊசி ஒண்டும் இல்லாம, நோவும் இல்லாம, ஒரு மெசினுக்கு முன்னால நாடியை வைச்சுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிற வேலைதான். மக்கியூலா எத்தினை மைக்ரோன் தடிப்பு எண்டு அதில வரும். அந்த இலக்கம் முதல்லயே கையில இருந்தாத்தான் பிறகு வீங்கினா வீங்கினதெண்டு சொல்லலாம். கனபேர் "கற்றரக்ட்தானே, லென்ஸை மாத்தினாச் சரி" எண்டு நினைக்கினம், சீனி உள்ள ஆளுக்கு அது அரைவாசிக் கதைதான். நீங்கள் கிளினிக்கில வாயைத் திறந்து கேளுங்கோ: "டொக்டர், அம்மாட விழித்திரைல சீனிப் பாதிப்பு இருக்கோ, நடுவில வீக்கம் இருக்கோ?" எண்டு. கேக்கிறதில பிழை இல்லை, ஒரு டொக்டரும் அதுக்குக் கோவிக்க மாட்டினம், கிளினிக்கில சனம் நிரம்பி வழியுற நாளில நீங்கள் கேட்டாத்தான் சில நேரம் அது எழுத்தில ஏறும்.

பார்த்து ஒண்டும் இல்லையெண்டா நல்லம். ஏற்கனவே நடுவில வீக்கம் இருந்தா முதல்ல அதுக்கு வைத்தியம், ஊசியோ லேசரோ, அது வத்தின பிறகுதான் கற்றரக்ட், அவசரம் இல்லாட்டி திகதியைத் தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை. ஆனா பயத்தில நீங்களாத் திகதியைத் தள்ளாதேங்கோ. புரை முத்திப் போனா உள்ளுக்க விழித்திரையே தெரியாது, சீனிக் கண்ணுக்குச் செய்யவேண்டிய லேசரும் செய்ய ஏலாது, ஒப்பரேஷனும் கஷ்டமாகும், கஷ்டமான ஒப்பரேஷனுக்குப் பிறகு வீக்கமும் கூட. பின்பக்கம் தெரியாத அளவுக்கு முத்தியிருந்தா அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஒண்டு எடுத்துப் பார்ப்பினம்.

இப்ப சீனிக் கதை. 9.2 கூடத்தான், அதில சந்தேகம் இல்லை. ஆனா அம்மா இப்ப செய்யுறது எனக்குக் கவலையா இருக்கு. சோத்தை ஒரேயடியா விட்டு, குளிசையைத் தானாக் கூட்டி, ரெண்டு மூண்டு கிழமைக்குள்ள சீனியைப் பட்டெண்டு கீழ இறக்கினா விழித்திரைக்கு அது நல்லம் இல்லை, முக்கியமா விழித்திரைல ஏற்கனவே நடுத்தரப் பாதிப்போ அதுக்கு மேலயோ உள்ள ஆக்களுக்கு ஒப்பரேஷனுக்கு முதல் அவசரமாச் சீனியை இறக்கினா பிறகு பாதிப்பும் வீக்கமும் கூடினதை ஆராய்ஞ்சு காட்டியிருக்கினம். இதைக் கேட்டுட்டு "அப்ப சீனி கூட இருந்தாத்தான் நல்லம்" எண்டு விளங்கிப்போடாதேங்கோ. மாசக்கணக்கில மெல்ல மெல்ல இறங்கிறதுதான் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லம். இந்தக் கிழமையே சீனிக் கிளினிக் டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ, குளிசைட அளவை அவர் மாத்தட்டும், ஒப்பரேஷன் திகதியையும் சொல்லுங்கோ. 9.2 எண்டதுக்காகவே ஒப்பரேஷன் செய்ய ஏலாது எண்டில்லை, அண்டைக்கு நிக்கிற சீனி அளவையும் விழித்திரைட நிலையையும் பார்த்துத்தான் முடிவெடுப்பினம். குளிசையைக் கூட்டிப்போட்டுச் சாப்பிடாம இருந்து சீனி இறங்கி, வேர்த்து நடுங்கி விழுந்தா கண்ணைவிடப் பெரிய பிரச்சினை. பாவக்காயைக் கறியாச் சமைச்சுச் சாப்பிடட்டும், சாறு எண்டு தனிய வேண்டாம். பிறஷரையும் பாருங்கோ, பிறஷர் கூடினாலும் அந்தக் குழாய் கசியும், அதை ஆக்கள் மறந்துபோகினம்.

ஒப்பரேஷன் அண்டைக்குக் காலமை சாப்பிடலாமா, சீனிக் குளிசை போடலாமா எண்டு முதல் நாளே கேட்டு எழுதிக்கொண்டு வாங்கோ. மரத்துப்போற மருந்து கண்ணுக்கு மட்டும் விட்டுச் செய்யுற இடங்களில கூடுதலா லேசாச் சாப்பிடச் சொல்லுவினம், முழு மயக்கம் எண்டா வேற. ஊகிச்சுக்கொண்டு பட்டினி போடாதேங்கோ, வரிசையில இருக்கிற நேரம் எவ்வளவெண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

அம்மா எடுக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கோ, கிளினிக் கொப்பியை மட்டும் காட்டினாப் போதாது, ஏனெண்டா பிரைவேட்டா எடுக்கிறது அதில இராது. பயோகிளிட்டசோன் எண்டு ஒரு சீனிக் குளிசை இருக்கு, அது உடம்பில நீரைத் தேக்கும், சிலருக்கு மக்கியூலா வீக்கத்தோட சேர்த்துப் பேசப்படுறது, அது இருந்தா டொக்டருக்குத் தெரியோணும். கண் அழுத்தத்துக்கு லட்டனோப்ரொஸ்ட் மாதிரித் துளி விடுற ஆக்களும் சொல்லோணும். இதை வாசிக்கிற மற்ற ஆக்களுக்கும் ஒரு சொல்: அப்பாமார் சிலர் மூத்திரம் போகக் கஷ்டம் எண்டு தம்சுலோசின் எடுப்பினம், அது ஒப்பரேஷன் நேரம் கண்மணியைச் சுருங்க வைச்சுக் கருவிழித் திரையைத் தொளதொளக்க வைக்கும், சேர்ஜனுக்கு முன்கூட்டித் தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரிச் செய்வார், தெரியாட்டி அந்தத் திரை அடிபட்டு வீக்கம் கூடும். அஸ்பிரின் மாதிரி இரத்தம் உறையாம எடுக்கிறதைத் தாங்களா நிப்பாட்ட வேண்டாம்.

இனித் துளி மருந்து. தடுக்கிற வேலையில பெரும்பகுதி இந்தச் சின்னப் போத்திலுக்குள்ளதான் இருக்கு, அதால இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்றன்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு பொதுவா ஸ்டிரொயிட் துளி குடுப்பினம், ப்ரெட்னிசொலோனோ டெக்ஸாமெத்தசோனோ. சீனி உள்ள ஆக்களுக்கு அதோட சேர்த்து ஸ்டிரொயிட் இல்லாத இன்னொரு வீக்க மருந்தும் குடுக்கிறது நல்லம், நெபாஃபெனாக், கீட்டோரோலாக், ப்ரோம்ஃபெனாக் எண்டு கன பெயர்களில வருது. அந்தப் புரோஸ்டகிளாண்டின் உருவாகிற வழியை ஸ்டிரொயிட் மேல்படியில மறிக்கும், இது கீழ்ப்படியில மறிக்கும், ரெண்டும் சேர்ந்தா மறிப்பு இறுக்கம். ஐரோப்பாவில சீனி இல்லாத ஆக்களில செய்து 2018ல வெளிவந்த பெரிய ஆராய்ச்சியிலயும் ரெண்டையும் சேர்த்து விட்டவைக்குத்தான் வீக்கம் ஆகக் குறைவு. சீனிக்காரருக்கு எண்டே நெபாஃபெனாக்குக்கு ஐரோப்பாவில அனுமதி இருக்கு, ஒப்பரேஷனுக்கு முதல் நாள் தொடங்கி 60 நாள் வரைக்கும் விடலாம் எண்டு. 60 நாள் எண்டது ஏன் எண்டு இப்ப விளங்கும், வீக்கம் வாற நாலாம் ஆறாம் கிழமையைத் தாண்டி மருந்து நிக்கோணும். அதால கிளினிக்கில கேக்கவேண்டிய ரெண்டாவது கேள்வி இது: "அம்மாவுக்குச் சீனி, ஸ்டிரொயிட்டோட சேர்த்து மற்ற வீக்கத் துளியும் தேவையோ, எப்ப தொடங்கிறது, எத்தினை கிழமை விடுறது?" ஆஸ்பத்திரியில அந்த நேரம் அது இல்லாட்டி வெளியில எழுதித் தருவினம். விலை கஷ்டம் எண்டா அதையும் சொல்லுங்கோ, ஒரு பேர் விலை கூட எண்டா இன்னொரு பேர் மலிவா இருக்கும், சொல்லாம வாங்காம விடுறதுதான் பிழை.

ஆனா இந்த ரெண்டாவது மருந்து எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு விடுறது இல்லை. கண் நல்லாக் காஞ்சு போற ஆக்கள், கருவிழியில புண் வந்த ஆக்கள், மூட்டு வாதம் உள்ளவை, அஸ்பிரின் எடுத்தா இழுப்பு வாறவை கட்டாயம் முதல்ல சொல்லோணும், ஏனெண்டா இது கருவிழியில காயம் ஆறுறதைத் தாமதிக்கும், அரிதா, ஆனா மோசமா, கருவிழி கரைஞ்சு போறதும் உண்டு. சீனிக்காரர் சிலருக்குக் கருவிழி மரத்துப் போயிருக்கும், புண் வந்தாலும் நோ தெரியாது. அதால நீட்டி விடுற காலம் முழுக்க இடைக்கிடை டொக்டர் பார்த்துக்கொண்டிருக்கோணும், பார்மசியில தானா வாங்கி மாசக்கணக்கில விடுற சாமான் இல்லை இது. துளிக்குப் பதிலா டைக்ளோஃபெனாக் குளிசை போடலாம்தானே எண்டும் சிலர் கேப்பினம், வேண்டாம், சீனிக்காரரிட சிறுநீரகத்துக்கு அது கூடாது.

ஸ்டிரொயிட்டிலயும் ஒரு கவனம். கனபேருக்கு அதை நாளுக்கு நாலு தரம் தொடங்கி, கிழமைக்கு ஒரு தரம் குறைச்சு, மூண்டு, ரெண்டு, ஒண்டு எண்டு இறக்கச் சொல்லுவினம், சிலருக்கு வேற மாதிரி. எழுதித் தந்ததுதான் கணக்கு. ரெண்டாம் கிழமையே சிவப்பு இல்லையெண்டு ஒரேயடியா நிப்பாட்டினா அடங்கின வீக்கம் திரும்பக் கிளம்பும். அதுக்கெண்டு முடிஞ்ச பிறகும் "கண் குளிர்ச்சியா இருக்கு" எண்டு திரும்பத் திரும்ப வாங்கி விட்டா கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறும், அது ஒரு சத்தமும் இல்லாமக் கண் நரம்பைத் தின்னும். துளியால உடம்பில சீனி ஏறுமோ எண்டு அம்மா பயந்தா, ஏறினாலும் மிகக் குறைவு, அதுக்காக விடாம இருக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ.

விடுற விதத்தைப் பக்கத்தில நிண்டு பாருங்கோ தங்கச்சி, இதில கன மருந்து கன்னத்தில வழிஞ்சு போகுது. கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவோணும். ப்ரெட்னிசொலோன் போத்திலை வடிவாக் குலுக்கோணும், அது பால் மாதிரி, மருந்து அடியில படிஞ்சு நிக்கும், குலுக்காம விட்டா மேல நிக்கிற தண்ணிதான் விழும். அம்மா கதிரையில சாய்ஞ்சு, இல்லாட்டிப் படுத்து, மேல முகட்டைப் பார்க்கட்டும், நீங்கள் கீழ் இமையை விரலால மெல்லக் கீழ இழுங்கோ, ஒரு சின்னப் பை மாதிரி வரும், அதுக்குள்ள ஒரு துளி, ஒண்டே போதும், கண்ணில ரெண்டு துளிக்கு இடமே இல்லை. போத்தில் மூக்கு இமையிலயோ மயிரிலயோ முட்டக் கூடாது. பிறகு கண்ணை மெல்ல மூடி, சிமிட்டாம, மூக்குப் பக்கத்து மூலையை விரலால ஒரு ரெண்டு நிமிசம் மெதுவா அமத்திப் பிடிச்சா மருந்து தொண்டைக்குள்ள இறங்காம கண்ணிலயே நிக்கும். அடுத்த மருந்துக்கு அஞ்சு நிமிசம் விடுங்கோ, உடன விட்டா முதல் விட்டதை அது கழுவிக்கொண்டு போகும். பார்வை மங்கின அம்மாவுக்கு எல்லாப் போத்திலும் ஒரே மாதிரித்தான் தெரியும், அதால ஒண்டில பிளாஸ்டர் ஒட்டி, மற்றதில ரப்பர் பாண்ட் சுத்தி விடுங்கோ, கலண்டரிலயும் விட விடக் கோடு போடட்டும். போத்தில் உடைச்ச திகதியை எழுதி வையுங்கோ, கனதுக்கு நாலு கிழமைதான், அதுக்குப் பிறகு மிச்சம் இருந்தாலும் எறியோணும். திருகோணமலை வெக்கைக்கு மேசையில யன்னலோரம் வைக்காதேங்கோ, குளிரான நிழலான இடத்தில, லேபல்ல எழுதியிருக்கிற மாதிரி. பக்கத்து வீட்டு மாமிட மிச்சப் போத்திலை ஒருநாளும் வாங்கி விடாதேங்கோ.

ஊசிக் கதைக்கு வாறன். அந்த ஒராள் சொன்னதில கொஞ்சம் உண்மை இருக்கு, முழுசா இல்லை. நான் மேல சொன்ன அதே ஐரோப்பிய ஆராய்ச்சிட ரெண்டாம் பகுதியில சீனி உள்ள 213 பேரைப் பார்த்தவை, எல்லாருக்கும் ரெண்டு துளியும் குடுத்து, சில பேருக்கு மேலதிகமா ஊசியும் போட்டுப் பார்த்தவை. கண்ணுக்குள்ள போடுற பெவசிசுமாப் ஊசியால பெரிய வித்தியாசம் வரேல்ல. கண்ணிட வெள்ளைத் தோலுக்குக் கீழ போடுற ட்ரையம்சினோலோன் எண்ட ஸ்டிரொயிட் ஊசி வீக்கத்தைக் குறைச்சுது, ஆனா சிலருக்குக் கண் அழுத்தம் ஏறிச்சுது, அதுக்குத் தனியா மருந்து குடுக்க வேண்டி வந்தது. அதால எல்லாச் சீனிக்காரரும் போட்டே ஆகோணும் எண்ட ஊசி ஒண்டும் இல்லை. விழித்திரைல ஏற்கனவே வீக்கம் இருந்தா கதை வேற, அங்க ஊசி வைத்தியமே. அம்மாட ஸ்கேனைப் பார்த்த டொக்டர் "ஊசி வேணும்" எண்டு சொன்னாக் கேளுங்கோ, ஸ்கேனைப் பாராம ரோட்டில சொல்ற ஆளிட பேச்சைக் கேட்டுக் காசைக் கட்டாதேங்கோ.

நந்தியாவட்டை வேண்டாம். முலைப்பால், தேன், சின்ன வெங்காயச் சாறு, விளக்கெண்ணெய், பன்னீர் ஒண்டும் வேண்டாம். இதுகளைச் சொல்ற ஆக்கள் அன்பிலதான் சொல்லுகினம், எனக்குத் தெரியும், எங்கட அம்மம்மாமார் கண் எரிஞ்சா அந்தப் பூவைத்தான் தண்ணியில ஊறப்போட்டுக் கண்ணில வைச்சவை. ஆனா இப்ப அம்மாட கருவிழியில ரெண்டு மூண்டு மில்லிமீட்டர் வெட்டு ஒண்டு இருக்கப்போகுது, தையல் இல்லாமத் தானா மூடிக்கொள்ளுற வெட்டு, கொதிக்க வைக்காத எதுவும் கிருமியோட அதுக்குள்ளால போகலாம்.

கிருமி எண்டதும் சொல்லோணும். மாமிக்கு வந்தது சத்தமில்லாத வீக்கம், ஆனா சத்தம் போடுற ஒண்டும் இருக்கு, கண்ணுக்குள்ள கிருமி புகுந்து வாறது. அது அரிது, ஆனா சீனிக்காரருக்குக் கொஞ்சம் கூட, பெரும்பாலும் முதல் ஒண்டு ரெண்டு கிழமைக்குள்ள வரும். நோ குறையாமக் கூடிக்கொண்டு போறது, சிவப்புக் கூடுறது, இமை வீங்கிறது, முதல் நாள் தெரிஞ்ச பார்வை அடுத்த நாள் குறையுறது, இதில எது வந்தாலும் அடுத்த கிளினிக் திகதி வரைக்கும் பாக்காதேங்கோ, ஞாயிற்றுக்கிழமை எண்டாலும் போயா எண்டாலும் இரவெண்டாலும் உடன ஆஸ்பத்திரி. வாகனம் இல்லாட்டி அம்புலன்சுக்கு 1990 எண்ட இலக்கத்துக்கு அடியுங்கோ. அதில மணித்தியாலம்தான் கணக்கு, கிழமை இல்லை.

சத்தமில்லாத வீக்கத்தைப் பிடிக்க வீட்டில ஒரு வேலை இருக்கு. ஒப்பரேஷன் முடிஞ்சு ஒரு கிழமை கழிய, காலமையில அம்மா வழமையா இருக்கிற இடத்தில இருந்து, இடது கண்ணை உள்ளங்கையால அமத்தாம மறைச்சுக்கொண்டு, வலது கண்ணால மட்டும் முன்னால இருக்கிற யன்னல் கம்பியைப் பார்க்கட்டும். கம்பி நேரா நிக்குதோ, நடுவில வளைஞ்சு நெளியுதோ, நடுவில ஒரு மங்கல் பொட்டு விழுதோ? பிறகு சுவரில தொங்கிற கலண்டரில நேற்றுத் தெரிஞ்ச எழுத்து இண்டைக்கும் தெரியுதோ? ரெண்டு கண்ணாலயும் பார்த்தா ஒரு கண்ணிட குறையை மற்றக் கண் மறைச்சுப்போடும், அதால ஒவ்வொரு கண்ணா. இதை மூண்டு மாசம் செய்யட்டும். வளைஞ்சாலோ மங்கினாலோ அந்தக் கிழமைக்குள்ள கண் கிளினிக்.

எண்டாலும் ஒண்டும் தெரியாட்டிலும் நாலு தொடக்கம் ஆறு கிழமைக்குள்ள ஒருக்கா விழித்திரையைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கோ, முதல் ஓசிடி எடுத்த இடத்தில திரும்பவும் எடுக்க ஏலுமெண்டா இன்னும் நல்லம். புதுக் கண்ணாடியும் அதுக்குப் பிறகுதான். இதில கனபேர் ஏமாறினம், மங்கின உடன டவுண்ல கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பவரை மாத்தினம், தெரியேல்லை எண்டு இன்னொருக்கா மாத்தினம், உள்ளுக்க வீங்கிக் கிடக்கிற விழித்திரைக்குக் கண்ணாடி ஒண்டும் செய்யாது, காசும் போய் மாசங்களும் போகும். லென்ஸுக்குப் பின்னால படலம் வந்து மங்கிறதும் உண்டு, அதுக்கு லேசர் இருக்கு, ஆனா அது பொதுவா மாசங்கள் வருசங்கள் கழிச்சு வாறது. மாமிக்கு ஒண்டரை மாசத்தில வந்ததெண்டபடியா வீக்கமா இருக்கக்கூடும், பாராம நான் முடிவு சொல்ல ஏலாது. ஒரு வருசம் ஆகியும் அவ திரும்பக் காட்டேல்லை எண்டா தயவுசெய்து அம்மாவோட சேர்த்து அவவையும் கூட்டிக்கொண்டு போங்கோ. வீக்கத்தைப் பிந்திக் கண்டுபிடிச்சாலும் வைத்தியம் இருக்கு, துளி, பிறகு ஊசி, ஆனா கனகாலம் ஊறிக் கிடந்த விழித்திரைல பார்வை முழுசாத் திரும்பிறது குறைவு.

கன்னியா, குளம், கடல் எதுவும் ஒரு மாசத்துக்கு வேண்டாம், டொக்டர் சரி எண்டு சொன்ன பிறகு. கன்னியாக் கிணத்தில வாளியால தலையில ஊத்தேக்க கண்ணைக் காப்பாத்த ஏலாது, தண்ணி சூடா இருக்கிறதால கிருமி இல்லை எண்டும் நினைக்காதேங்கோ. வீட்டில கழுத்துக்குக் கீழ குளிக்கலாம், தலை முழுகிறதை அவை சொல்ற வரைக்கும் தள்ளுங்கோ, முழுகினாலும் தலையைப் பின்னுக்குச் சாய்ச்சு நீங்கள் ஊத்திவிடுங்கோ. கோணேசர் கோயிலுக்கு ஒரு கிழமை போக, சனம் குறைஞ்ச நேரம் பார்த்துப் போகலாம், ஆனா அங்க மலையில காத்து அடிக்கிற அடிக்குக் கண்ணாடி இல்லாமப் போக வேண்டாம், கச்சான் காத்துக் காலம் எண்டா புழுதியும் சேரும், பக்கமும் மூடின கறுப்புக் கண்ணாடி போடச் சொல்லுங்கோ. விபூதியைத் தான் எடுத்து மெல்லப் பூசட்டும், நெத்தியில தூவ விடாதேங்கோ. இரவில முதல் கிழமை கண்ணுக்கு மேல அந்தப் பிளாஸ்ரிக் மூடி கட்டாயம், நித்திரையில கை தானாப் போய்க் கசக்கும். அடுப்புப் புகைக்குக் கிட்ட ஒரு ரெண்டு கிழமைக்கு நீங்கள் நில்லுங்கோ, அம்மா மரக்கறி வெட்டித் தரட்டும்.

இடது கண் ஒப்பரேஷனுக்கு உடன திகதி எடுக்க வேண்டாம். வலது கண்ணில அந்த ஆறு கிழமையும் தாண்டி, விழித்திரைல நீர் கோக்கேல்லை எண்டு பார்த்து எழுதின பிறகு எடுங்கோ. வலது கண்ணில கொஞ்சமாவது வீக்கம் வந்திருந்தா இடது கண்ணிலயும் வர வாய்ப்புக் கூட, அதைக் கிளினிக் கொப்பிட முதல் பக்கத்தில சிவப்பு மையால எழுதுவிச்சுக்கொண்டு வாங்கோ, ரெண்டாம் தரம் செய்யுற சேர்ஜன் வேற ஆளா இருக்கலாம்.